கிளவுட் பாதுகாப்புச் சேவையும் கிளையன்ட் லைப்ரரியும்: யார் பொறுப்பு எதுவரை?

2023 மே மாதம், அமெரிக்க அரசு அலுவலகங்கள் உட்பட சுமார் 25 அமைப்புகளின் மின்னஞ்சலுக்குள் ஒரு குழு புகுந்தது. மைக்ரோசாஃப்ட் அந்தக் குழுவுக்கு வைத்த பெயர் ஸ்டார்ம்-0558. அவர்கள் கையில் இருந்தது, தனிநபர் கணக்குகளுக்கான டோக்கன்களில் (உள்நுழைந்தவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் சீட்டுகளில்) கையொப்பமிடும் சாவி. அந்தச் சாவியால் நிறுவனக் கணக்குகள் திறந்திருக்கக் கூடாது. ஆனாலும் திறந்தன. அதற்கான காரணத்தை அதே ஆண்டு செப்டம்பரில் மைக்ரோசாஃப்டே எழுதியது: டோக்கனின் முழுச் சோதனையையும் லைப்ரரி, அதாவது தங்கள் நிரலில் சேர்த்துக்கொண்ட ஆயத்த நிரல்தொகுப்பு, செய்துவிடும் என்று மின்னஞ்சல் அமைப்பை எழுதிய டெவலப்பர்கள் நினைத்துவிட்டார்கள். லைப்ரரி கையொப்பத்தை மட்டும்தான் சரிபார்த்தது. டோக்கனை வழங்கியது யார், அது எந்த வகைக் கணக்குக்குச் செல்லும் என்று பார்ப்பது லைப்ரரியை அழைக்கும் நிரலின் வேலை. அந்த வேலையை யாரும் செய்யவில்லை.

விஷயம் பெரிதாக வெடித்ததால் இது வெளியே தெரிந்தது. இதே வகைத் தப்பெண்ணம், கிளவுட் பாதுகாப்புச் சேவை ஒன்றை லைப்ரரி வழியாக அழைக்கும் எந்தச் சின்ன நிரலிலும் உட்கார்ந்திருக்கலாம். லைப்ரரியைச் சேர்க்க ஒரு வரி, கிளையன்ட்டை (சேவையோடு பேசும் பொருளை) உருவாக்க ஒரு வரி, அழைக்க ஒரு வரி. வேலை முடிந்தது. ஆனால் அந்த மூன்று வரிகளுக்குள் யாருடைய அடையாளத்தில் போவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, தோற்றால் எத்தனை முறை திரும்ப முயல்வது, வந்த பதிலில் எவ்வளவைக் கையில் கொடுப்பது என்று பல முடிவுகளை லைப்ரரி நம்மைக் கேட்காமலே எடுத்துவிடுகிறது. படங்களைச் சேமிக்கும் சேவை என்றால் இவை வெறும் வசதி சார்ந்தவை. சாவிகளையும் கடவுச்சொற்களையும் எச்சரிக்கைகளையும் கையாளும் சேவை என்றால் ஒவ்வொன்றும் பாதுகாப்பு முடிவு.

ஒரு அழைப்புக்குள் நடப்பவை

பாதுகாப்புச் சேவை என்று இங்கே சொல்வது மூன்று வகையை. முதலாவது, குறியாக்கச் சாவிகளை வைத்துக் காப்பவை: ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட்) கேஎம்எஸ், கூகுள் கிளவுட் கேஎம்எஸ், மைக்ரோசாஃப்டின் அஸூர் கீ வால்ட். இரண்டாவது, கடவுச்சொல், டோக்கன் போன்ற ரகசியங்களைச் சேமித்துக் கொடுப்பவை. மூன்றாவது, அக்கவுண்ட்டைக் கண்காணித்து 'இங்கே ஏதோ சரியில்லை' என்று கண்டறிதல்களைத் தருபவை: ஏடபிள்யூஎஸ்-இன் கார்ட்டியூட்டி, கூகுளின் செக்யூரிட்டி கமாண்ட் சென்டர் போன்றவை.

இவை எல்லாமே கடைசியில் இணையம் வழியாகப் போகும் ஏபிஐ அழைப்புகள்தான், அதாவது ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் வைக்கும் கோரிக்கைகள்தான். லைப்ரரி இல்லாமலும் அழைக்கலாம். கையொப்பமிடுவதையும் டோக்கன் புதுப்பிப்பதையும் நாமே எழுத வேண்டிவரும், அதில் தப்பு செய்யும் வாய்ப்பு அதிகம் என்பதால் பெரும்பாலோர் எழுதுவதில்லை. எழுதாமல் இருப்பதே நல்லது. இன்றைய லைப்ரரிகளில் பெரும்பகுதி கையால் எழுதப்பட்டதும் இல்லை. சேவையின் அழைப்புகளை ஒரு விவரணை மொழியில் எழுதி, அதிலிருந்து ஒவ்வொரு நிரல்மொழிக்கும் நிரல்வரிகளை (கோடு) இயந்திரமே உருவாக்குகிறது. ஏடபிள்யூஎஸ் பக்கம் அந்த விவரணை ஸ்மித்தி. கூகுள் பக்கம் புரோட்டோபஃப். அதனால்தான் ஜாவாவிலும் பைத்தானிலும் அதே சேவையின் லைப்ரரிகள் உடன்பிறந்தவை போல இருக்கின்றன. உருவாக்கப்பட்ட பகுதி ஒழுங்காக இருக்கும். சிக்கல் வருவது, அதைச் சுற்றிக் கையால் எழுதப்பட்ட அடையாளம், ரீட்ரை (திரும்ப முயல்வது), கேச் (வந்த பதிலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்வது) போன்ற பகுதிகளில்தான்.

'இந்த வரியைக் குறியாக்கம் செய்' என்று ஒரு அழைப்பு விடுத்தால், லைப்ரரி முதலில் நாம் யார் என்று தேடுகிறது. பிறகு எந்தப் பிராந்தியத்து (கிளவுட்டின் தரவு மையங்கள் இருக்கும் பகுதியின்) முகவரிக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கிறது. கோரிக்கையை அடுக்கி, கையொப்பம் போட்டு அல்லது டோக்கன் சேர்த்து, டிஎல்எஸ் என்ற குறியாக்கப்பட்ட இணைப்பில் அனுப்புகிறது. பதில் வராவிட்டால் காத்திருந்து மறுபடி அனுப்புகிறது. வந்த பதிலைப் பிரித்து நம் மொழியின் வடிவத்தில் கொடுக்கிறது. இதில் முதல் படியில்தான் அதிகச் சிக்கல் இருக்கிறது.

யார் அழைக்கிறார்கள்?

பெரும்பாலான எடுத்துக்காட்டுக் கோடில் அடையாளம் பற்றி ஒரு வார்த்தைகூட இருக்காது. அது இல்லாமலே வேலை செய்வதற்குக் காரணம், லைப்ரரி ஒரு வரிசையில் தேடிக்கொண்டு போவது. பைத்தானுக்கான ஏடபிள்யூஎஸ் லைப்ரரியான போட்டோ3, முதலில் கோடிலேயே கொடுத்த சாவியைப் பார்க்கும். இல்லையென்றால் சூழல் மாறிகள் (நிரல் ஓடும் இடத்தில், கோடுக்கு வெளியே வைக்கும் மதிப்புகள்), பிறகு பயனரின் கோப்புகள், கடைசியில் கன்டெய்னர் (நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் உறை) அல்லது இயந்திரத்தின் மெட்டாடேட்டா சேவை (இயந்திரத்துக்கு அதன் அடையாளச் சாவியைத் தரும் உள்சேவை). கூகுள் லைப்ரரிகளிலும் கிட்டத்தட்ட இதே வரிசைதான்: சூழல் மாறி காட்டும் கோப்பு, டெவலப்பர் தன் கணினியில் உள்நுழைந்தபோது உருவான கோப்பு, அதன்பின் இயந்திரத்தோடு இணைந்த சேவைக் கணக்கு. எது முதலில் கிடைக்கிறதோ அதோடு தேடல் நின்றுவிடும்.

வசதிதான். அதே கோடு மடிக்கணினியிலும் ஓடுகிறது, சர்வரிலும் ஓடுகிறது. ஆனால் இரண்டு இடத்திலும் ஓடுவது ஒரே ஆள் இல்லை. மடிக்கணினியில் டெவலப்பரின் சொந்த அடையாளம், பெரும்பாலும் எல்லா அனுமதியும் உள்ள அடையாளம். சர்வரில் வேறொன்று. மடிக்கணினியில் சோதித்துவிட்டு 'அனுமதி சரியாக இருக்கிறது' என்று முடிவுகட்டினால் அந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. இதைவிட மோசமான நிலையும் உண்டு. சர்வரில் யாரோ எப்போதோ வைத்துவிட்டுப் போன சூழல் மாறி ஒன்று கிடந்தால், இயந்திரத்துக்கென்று கவனமாக அளந்து கொடுத்த குறைந்த அனுமதியைத் தாண்டி, அந்தப் பழைய சாவி வரிசையில் முந்திக்கொள்ளும். எர்ரர் எதுவும் வராது. எல்லாம் வேலை செய்யும். வேலை செய்வதுதான் பிரச்சினை.

இதற்கு எளிய மருந்து ஒன்று இருக்கிறது. நிரல் தொடங்கும்போதே 'நான் யார்?' என்று கேட்டு லாகில் (நிரலின் இயக்கப் பதிவில்) எழுதிவிடுவது. ஏடபிள்யூஎஸ்-இல் அதற்கென்றே, தற்காலிகச் சாவிகளை வழங்கும் எஸ்டிஎஸ் சேவையில் ஒரு அழைப்பு உண்டு, அதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. எதிர்பார்த்த பெயர் வராவிட்டால் நிரல் அங்கேயே நின்றுவிடட்டும். தயாரிப்புச் சூழலில் இந்தத் தேடல் வரிசையையே நம்பாமல், எந்த வகை அடையாளம் வேண்டும் என்று கோடில் குறிப்பாகச் சொல்வது இன்னும் நல்லது. அஸூர் லைப்ரரியின் ஆவணங்களும் இதையே சொல்கின்றன: எல்லாவற்றையும் தேடும் இயல்பு வகை உருவாக்கும் கட்டத்துக்கு, நிலையான ஒரு வகை தயாரிப்புக்கு.

நீண்டகாலச் சாவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016-இல் ஊபரின் 5.7 கோடிப் பயனர் விவரங்கள் போனது, கோடைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் இருந்த தனிப்பட்ட களஞ்சியம் வழியாக. உள்ளே நுழைந்தவர்கள் அங்கே கோடில் கிடந்த ஏடபிள்யூஎஸ் சாவியைக் கண்டெடுத்தார்கள். 'தனிப்பட்ட களஞ்சியம்தானே' என்ற நினைப்புக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. சரி, கோடில் வேண்டாம், சூழல் மாறியில் வைக்கலாம் என்றால் அதுவும் முழுத் தீர்வு இல்லை. லாக் எழுத ஜாவா நிரல்கள் பயன்படுத்தும் லாக்4ஜே லைப்ரரியில் 2021 டிசம்பரில் வெளியான ஓட்டையைப் பயன்படுத்தியவர்கள், சூழல் மாறியில் இருந்த ஏடபிள்யூஎஸ் ரகசியச் சாவியை ஒரே வரியில் வெளியே இழுக்க முடிந்தது. 2022 மே மாதம் பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான பைபிஐயில் சிடிஎக்ஸ் என்ற சின்னப் பேக்கேஜை ஒருவர் கைப்பற்றி, நிறுவியவர்களின் சூழல் மாறிகளை வெளியே அனுப்பும் கோடை உள்ளே வைத்தார். பாதுகாப்பு லைப்ரரியோடு ஒரே நிரலில் குடியிருக்கும் மற்ற எல்லாப் பேக்கேஜ்களுக்கும் அந்தச் சூழல் மாறிகள் தெரியும் என்பதை மறந்துவிடக் கூடாது.

அதனால் நல்ல வழி, சில மணி நேரத்தில் காலாவதியாகும் தற்காலிகச் சாவி. இதில் லைப்ரரி உண்மையிலேயே உதவுகிறது: காலாவதியாகும் முன் தானே புதுப்பித்துக்கொள்கிறது. ஏடபிள்யூஎஸ்-இல் ஒரு ரோலை (அனுமதிகள் இணைந்த தற்காலிக அடையாளத்தை) ஏற்கும்போது கிடைக்கும் சாவியின் இயல்பு ஆயுள் 1 மணி நேரம். 15 நிமிடத்திலிருந்து 12 மணி வரை அமைக்கலாம். எது எந்த வகை என்பது சாவியின் முதல் எழுத்துகளிலேயே தெரியும்: ஏகேஐஏ என்று தொடங்கினால் நீண்டகாலச் சாவி, ஏஎஸ்ஐஏ என்றால் தற்காலிகமானது. கோடில் தேடிப் பார்க்கும்போது இந்தச் சின்னத் தகவல் மிகவும் கைகொடுக்கும்.

தற்காலிகச் சாவி கிடைக்கும் இடமும் கவனிக்க வேண்டியதுதான். மெட்டாடேட்டா சேவை 169.254.169.254 என்ற முகவரியில், இயந்திரத்துக்கு உள்ளிருந்து மட்டும் எட்டும்படி இருக்கிறது. ஆனால் உள்ளே ஓடும் நிரலை ஏமாற்றி அந்த முகவரிக்குக் கோரிக்கை அனுப்ப வைத்தால்? 2019-இல் கேப்பிடல் ஒன் வங்கியில் நடந்தது அதுதான். தவறாக அமைக்கப்பட்ட ஃபயர்வால் வழியாக மெட்டாடேட்டாவிடமிருந்து சாவி பெறப்பட்டது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் தரவு போனது. அதே ஆண்டு நவம்பரில் ஏடபிள்யூஎஸ் மெட்டாடேட்டா சேவையின் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. அதில் முதலில் தனிக் கோரிக்கை ஒன்று விடுத்து டோக்கன் வாங்கினால்தான் சாவி கிடைக்கும். புது லைப்ரரிகள் இதைத் தாமாகவே செய்கின்றன. பழைய லைப்ரரி பதிப்பை வைத்துக்கொண்டு, இயந்திரத்தில் இரண்டாம் பதிப்பை மட்டும் கட்டாயமாக்கினால் அடையாளம் கிடைக்காமல் நிரல் நின்றுவிடும். கன்டெய்னருக்குள் ஓடினால் இன்னொரு தொல்லை: அந்த டோக்கன் பதில் இயல்பாக ஒரு தாவலுக்கு (பிணையத்தில் ஒரு கட்டத்துக்கு) மேல் போகாது, கன்டெய்னர் பிணையம் ஒரு தாவலைக் கூட்டிவிடும். இப்படித் தடுமாறும்போது பலர் செய்வது பழைய பதிப்பைத் திரும்பத் திறந்துவிடுவது. செய்ய வேண்டியது லைப்ரரியைப் புதுப்பிப்பது, தேவைப்பட்டால் தாவல் எண்ணை 2 ஆக்குவது.

கையொப்பமும் டோக்கனும்

ஏடபிள்யூஎஸ் லைப்ரரிகளில் ரகசியச் சாவி ஒருபோதும் பிணையத்தில் பயணிப்பதில்லை. கோரிக்கையின் உள்ளடக்கத்தை ஒரு நிலையான வடிவத்துக்குக் கொண்டுவந்து, தேதி, பிராந்தியம், சேவை ஆகியவற்றைச் சேர்த்து உண்டாக்கிய துணைச் சாவியால் ஹெச்மேக் என்ற கையொப்ப எண்ணைக் கணக்கிட்டு, அந்தக் கையொப்பம் மட்டும் போகிறது. நேரமும் உள்ளே சேர்வதால், இயந்திரத்தின் கடிகாரம் பொதுவாக 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் கோரிக்கை நிராகரிக்கப்படும். 'நேற்றுவரை வேலை செய்தது, இன்று கையொப்பம் தவறு என்கிறது' என்ற வகைப் புகாரில் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம்.

கூகுள், அஸூர் லைப்ரரிகள் பேரர் டோக்கன் அனுப்புகின்றன. கூகுளின் அணுகல் டோக்கன் வழக்கமாக 1 மணி நேரம் உயிரோடு இருக்கும். அது யார் கையில் இருந்தாலும் அவர்தான் நாம். அப்புறம், இதை லாகில் அச்சிடுவது எவ்வளவு எளிது என்பதையும் பாருங்கள். பிரச்சினையைக் கண்டுபிடிக்க டீபக் லாகைத் திறந்தால், சில லைப்ரரிகள் ஹெடர்களையும் பதிலின் உடலையும் அப்படியே கொட்டும். ரகசியச் சேவையின் பதில் என்றால் அந்த உடலில் இருப்பது கடவுச்சொல்லேதான். போட்டோ3 ஆவணத்திலேயே, இந்த லாகில் பிணையத்தில் போவதெல்லாம் தெரியும், தயாரிப்பில் பயன்படுத்தாதீர்கள் என்ற எச்சரிக்கை இருக்கிறது. ரகசியத்தைப் பத்திரமாகப் பூட்டிவைத்து, பிறகு பத்து பேர் பார்க்கும் லாக் சேவையில் கொட்டுவது அரிதான தப்பு இல்லை.

பெரிய கோப்பைக் குறியாக்கம் செய்ய அனுப்பினால்

கேஎம்எஸ்-ஐ முதன்முதலில் தொடுபவர்கள் முட்டிக்கொள்ளும் சுவர் இது. ஏடபிள்யூஎஸ் கேஎம்எஸ்-இன் குறியாக்க அழைப்பு, சமச்சீர் சாவிக்கு அதிகபட்சம் 4096 பைட்டுதான் வாங்கும். கூகுளில் மென்பொருள் சாவிக்கு 64 கிபிபைட் வரை. ஒரு புகைப்படத்தை அனுப்பினால் எர்ரர்தான். உடனே சிலர் கோப்பை 4096 பைட்டுத் துண்டுகளாக வெட்டி அனுப்பத் தொடங்குகிறார்கள். வேலை செய்யும், ஆனால் ஒரு கோப்புக்கு ஆயிரக்கணக்கான அழைப்புகள், அதற்கு மேல் துண்டுகளின் வரிசையை யாராவது மாற்றினால் கண்டுபிடிக்க வழியும் இல்லை.

அந்த அளவு சிறியதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்தச் சேவை தரவைக் குறியாக்கம் செய்ய உருவானது இல்லை, சாவிகளைக் குறியாக்கம் செய்ய உருவானது. சேவையிடம் ஒரு தரவுச் சாவியைக் கேட்டால், ஏடபிள்யூஎஸ் லைப்ரரியில் ஒரே அழைப்பில் இரண்டு வடிவங்கள் வரும்: ஒன்று வெறும் சாவி, மற்றொன்று, சேவைக்குள் இருக்கும் மூலச் சாவியால் பூட்டப்பட்ட அதே சாவி. வெறும் சாவியால் நம் இயந்திரத்திலேயே கோப்பைக் குறியாக்கம் செய்து, அதை நினைவகத்திலிருந்து அகற்றிவிட்டு, பூட்டப்பட்ட வடிவத்தைக் கோப்போடு சேர்த்துச் சேமிக்க வேண்டும். திறக்கும்போது பூட்டப்பட்ட சாவியை மட்டும் சேவைக்கு அனுப்பினால் போதும். மூலச் சாவி சேவையை விட்டு வெளியே வருவதேயில்லை, கோப்பு நம் இடத்தை விட்டுப் போவதில்லை. வீட்டுச் சாவியைச் சின்னப் பெட்டியில் பூட்டி, பெட்டியின் சாவியை மட்டும் வங்கி லாக்கரில் வைப்பது போல.

கூகுள் கேஎம்எஸ் பக்கம் தரவுச் சாவியை நாமே உண்டாக்கி, குறியாக்கம் செய்யச் சொல்லி அனுப்புவது வழக்கம். எந்த வழியானாலும், கோப்பைக் குறியாக்கம் செய்யும் பகுதியைச் சொந்தமாக எழுதாமல் கூகுளின் டிங்க் அல்லது ஏடபிள்யூஎஸ் என்க்ரிப்ஷன் எஸ்டிகே போன்ற குறியாக்க லைப்ரரிகளிடம் விட்டுவிடலாம். ஏஇஎஸ்-ஜிசிஎம் என்ற குறியாக்க முறையில் ஒரே சாவியோடு ஒரே நான்ஸை (ஒருமுறை மட்டும் பயன்பட வேண்டிய எண்ணை) இரண்டு முறை பயன்படுத்தினால் பாதுகாப்பு உடைந்துவிடும். அது உடைந்தது வெளியே தெரியாது, சோதனைகளும் பச்சையாகவே இருக்கும்.

அதற்காக அந்த லைப்ரரிகளையும் கண்மூடி நம்ப முடியாது. 2020 ஆகஸ்டில் ஏடபிள்யூஎஸ்-இன் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3-க்குரிய குறியாக்கக் கிளையன்ட்டின் முதல் பதிப்பில் கூகுள் ஆய்வாளர் கண்டுபிடித்த குறைகள் வெளியாயின. கோப்புகள் இருக்கும் எஸ்3 சேமிப்பிடத்தில் எழுதும் உரிமை உள்ளவர், திறக்கும் நிரலின் பதில்களை வைத்துச் சில சூழ்நிலைகளில் உள்ளடக்கத்தை ஊகிக்க முடிந்தது. அதற்குத் தீர்வாக இரண்டாம் பதிப்பு வந்தது. பழைய பதிப்பில் எழுதிய கோப்புகளையும் படிக்கும்படி பொருந்துகை முறையைத் திறந்து வைத்தவர்கள், மாறியும் மாறாத நிலையில் இருந்தார்கள்.

குறியாக்க அழைப்பில் கூடுதல் தரவு என்று ஒரு இடம் இருக்கும். ஏடபிள்யூஎஸ் அதைக் குறியாக்கச் சூழல் என்கிறது. வாடிக்கையாளர் எண், கோப்பின் வகை போன்றவற்றை அதில் கொடுத்துப் பூட்டினால், திறக்கும்போதும் அதையே கொடுத்தால்தான் திறக்கும். ஒருவருடைய பூட்டிய தரவை தரவுத்தளத்தில் இன்னொருவரின் வரிசையில் நகர்த்தி வைக்கும் தந்திரம் இதனால் அடிபடுகிறது. கட்டாயமில்லாத அளவுரு என்பதால் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாத ஒன்று என்பது என் கருத்து. ஆனால் அதில் ரகசியம் எதையும் போட்டுவிடாதீர்கள்; தணிக்கைப் பதிவில் அது அப்படியே தெரியும்.

கூகுள் கேஎம்எஸ்-இல் சிஆர்சி32சி என்ற சரிபார்ப்பு எண்ணுக்கான புலங்களும் உண்டு. அனுப்பும் தரவுக்கு எண்ணைக் கணக்கிட்டு அனுப்பினால், வழியில் ஏதும் மாறியிருந்தால் சேவை சொல்லிவிடும். பதிலுக்கும் அதேபோல நாம் சரிபார்க்கலாம். இதை நாமே கணக்கிட்டு நிரப்ப வேண்டும். காலியாக விட்டாலும் அழைப்பு வெற்றிதான். சேதமான ஒரு பிட்டோடு தரவுச் சாவி பூட்டப்பட்டுவிட்டால், அதைத் திறக்கும் நாளில்தான் தெரியவரும்.

சேவை பதில் சொல்லாதபோது

போட்டோ3-இல் இணைப்புக்கான இயல்பு டைம்அவுட் (காத்திருப்பின் உச்சவரம்பு) 60 விநாடி, பதிலுக்கான டைம்அவுட்டும் 60 விநாடி. நீண்டகாலமாக இருந்துவரும் பழைய ரீட்ரை முறையில் மொத்தம் 5 முயற்சிகள். இப்போது கணக்குப் போடுங்கள். ரகசியச் சேவை பதில் சொல்லாமல் தொங்கினால் ஒரு அழைப்பு 5 நிமிடம் நிற்கும். உள்நுழைவுப் பக்கத்தின் பின்னால் இது இருந்தால், அந்த 5 நிமிடத்தில் பின்வரிசையில் எல்லாத் திரெட்டும் (கோரிக்கைகளைக் கவனிக்கும் இழைகள்) அடைபட்டு, பாதுகாப்புச் சேவையின் சின்னத் தடுமாற்றம் முழுத் தளத்தின் முடக்கமாகிவிடும். சின்னக் கோரிக்கைகளுக்கு ஓரிரு விநாடி டைம்அவுட் வைத்து, முயற்சிகளைக் குறைப்பது நல்லது.

ரீட்ரை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்படுவதையும் பாருங்கள். லைப்ரரி 3 முறை முயல்கிறது. அதைச் சுற்றி நாம் ஒரு 3 முறை எழுதுகிறோம். அதை அழைக்கும் சேவையும் 3 முறை. மொத்தம் 27. ஏற்கெனவே மூச்சுத்திணறும் சேவையின் மேல் இதை எல்லா நிரல்களும் ஒரே நேரத்தில் செய்தால் எழுந்திருக்கவே விடாது. லைப்ரரிகள் காத்திருப்பை இரட்டிப்பாக்கி, அதில் தற்செயல் இடைவெளியும் சேர்ப்பது இதற்காகத்தான். வெளியே இன்னொரு லூப் எழுதி அதைக் கெடுக்க வேண்டாம்.

எந்த எர்ரருக்கு ரீட்ரை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 429 (கோரிக்கைகள் அதிகம்), 503 (சேவை இப்போது இல்லை) வந்தால் காத்திருந்து முயலலாம். 403 என்றால் அனுமதி இல்லை. நூறு முறை கேட்டாலும் இல்லைதான். ஒரு விதிவிலக்கு: அனுமதியை இப்போதுதான் கொடுத்திருந்தால், அது எல்லா இடத்துக்கும் பரவச் சில நிமிடங்கள் ஆகலாம். அமைப்பு ஸ்கிரிப்டுகளில் இது அடிக்கடி தலைகாட்டும்.

இதில் கனமான கேள்வி வேறொன்று. எல்லா முயற்சியும் தோற்ற பிறகு நம் நிரல் என்ன செய்கிறது? டோக்கனைச் சரிபார்க்க முடியவில்லை, யாருக்கு என்ன அனுமதி என்ற கொள்கையைக் கேட்க முடியவில்லை. எர்ரரைப் பிடித்து லாகில் எழுதிவிட்டு மேலே போகும் கோடு, சேவை விழுந்திருக்கும் நேரத்தில் கதவைத் திறந்து வைக்கிறது. தாக்குபவர் சேவையை உடைக்கத் தேவையில்லை, அழைப்பை டைம்அவுட் ஆக்கினால் போதும். மறுபக்கம், எல்லாவற்றுக்கும் மறுப்பு என்று எழுதினால் சேவை விழும்போதெல்லாம் நாமும் விழுவோம். எது சரி என்பது இடத்தைப் பொறுத்தது. கோப்பைத் திறக்கும் அனுமதி என்றால் மறுப்பு. எச்சரிக்கை எண்ணிக்கையைக் காட்டும் பக்கம் என்றால் 'இப்போது தெரியவில்லை' என்று காட்டலாம். பூஜ்யம் என்று காட்டக் கூடாது. இந்த முடிவை லைப்ரரி எடுக்காது, எடுக்கவும் முடியாது.

கேச் வைத்தால் பாதி அழைப்புகள் தேவையே படாது. ஏடபிள்யூஎஸ்-இன் ரகசியக் கேச் லைப்ரரி இயல்பாக 1 மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. கேஎம்எஸ் கோட்டா (அழைப்புகளின் உச்சவரம்பு) ஒரு பிராந்தியத்தில் அக்கவுண்ட் முழுவதற்கும் பொதுவானது என்பதால், நம் பக்கத்தில் அழைப்பைக் குறைப்பது பக்கத்து அணிக்கும் நல்லது. விலை என்னவென்றால், கடவுச்சொல் மாறிய பிறகும் ஒரு மணி நேரம் வரை பழையதே கையில் இருக்கலாம். தரவுத்தளம் உள்நுழைவை மறுத்தால் ஒரே ஒரு முறை கேச்சைத் தூக்கிப்போட்டு புதிதாகக் கேட்டு முயலும்படி எழுதினால் பெரும்பாலும் போதும். கிளையன்ட்டையும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக உருவாக்க வேண்டாம். ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொண்டால் இணைப்பும் டோக்கனும் மறுபடி பயன்படும்.

முதல் பக்கத்தோடு நின்றுவிடும் எச்சரிக்கைகள்

கண்டறிதல்களைப் படிக்கும் நிரல்கள் சத்தமில்லாமல் பொய் சொல்லும் இடம் பக்கப் பிரிப்பு, அதாவது நீண்ட பதிலைச் சேவை பகுதி பகுதியாகத் தருவது. செக்யூரிட்டி கமாண்ட் சென்டர் ஏபிஐ ஒரு பக்கத்துக்கு இயல்பாக 10 கண்டறிதல்கள்தான் தரும், கேட்டால் 1000 வரை. கார்ட்டியூட்டியின் பட்டியல் அழைப்பு ஒரு நேரத்தில் 50 அடையாள எண்கள் மட்டும் தரும். விவரத்துக்கு மறுபடி 50, 50 ஆகக் கேட்க வேண்டும். கூகுளின் பைத்தான் லைப்ரரி, லூப்பில் சுற்றினால் அடுத்த பக்கத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. போட்டோ3-இல் நேரடி அழைப்பு அப்படிச் செய்யாது. பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் பேஜினேட்டரைக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்றில் பழகியவர் மற்றொன்றுக்கு மாறும்போது, 'ஆபத்தான கண்டறிதல் ஏதுமில்லை' என்று தினமும் காலையில் அறிக்கை அனுப்பும் ஒரு ஸ்கிரிப்ட் பிறக்கிறது. அது முதல் 50-இல் ஏதுமில்லை என்றுதான் சொல்கிறது.

பிராந்தியமும் அப்படித்தான். கார்ட்டியூட்டி பிராந்தியவாரியாக இயங்குவது. கிளையன்ட்டும் ஒரு பிராந்தியத்துக்கானது. நம் நிரல்கள் ஓடும் பிராந்தியத்தை மட்டும் கேட்டால், யாரும் எட்டிப் பார்க்காத பிராந்தியத்தில் கிரிப்டோ தோண்டும் இயந்திரங்கள் ஓடினாலும் பதில் வெறுமையாகத்தான் வரும். தாக்குபவர்களுக்கு அப்படிப்பட்ட பிராந்தியங்கள்தான் பிடிக்கும்.

படிப்பதைவிட எழுதும் அழைப்புகள் ஆபத்தானவை. கூகுளில் ஐஏஎம் கொள்கையை (யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியலை) மாற்றும் அழைப்பு, ஒரு வரியைச் சேர்ப்பதில்லை. முழுக் கொள்கையையும் மாற்றிவைக்கிறது. படித்து, திருத்தி, திரும்ப எழுதும் இடைவெளியில் வேறொருவர் செய்த மாற்றம் அழிந்துவிடும். படித்தபோது வந்த ஈடேக்கை (கொள்கையின் பதிப்பு அடையாளத்தை) அப்படியே திரும்ப அனுப்பினால் மோதல் இருந்தால் சேவை மறுக்கும். புதிதாக ஒரு கொள்கைப் பொருளை உருவாக்கி, ஈடேக் இல்லாமல் எழுதும் கோடுதான் நடுராத்திரியில் எல்லோருடைய அனுமதியையும் துடைத்துவிடுகிறது.

அனுமதி, பதிவு, சோதனை

கோப்புகளை ஏற்றுவாங்கும் சர்வருக்குக் குறியாக்கும் அனுமதி போதும், திறக்கும் அனுமதி எதற்கு? இரண்டும் தனித்தனி அனுமதிகள். தரவுச் சாவி கேட்கும் அழைப்புக்கும் தனி அனுமதி உண்டு. நிரல் எந்தெந்த அழைப்புகளைச் செய்கிறது என்று பட்டியலிட்டு அவற்றை மட்டும் கொடுப்பது அரை நாள் வேலை.

தணிக்கைப் பதிவில் இரண்டு பெரிய சேவைகளும் எதிரெதிராக நிற்கின்றன. ஏடபிள்யூஎஸ்-இல் கேஎம்எஸ்-இன் ஒவ்வொரு குறியாக்க, திறப்பு அழைப்பும் அதன் தணிக்கைப் பதிவுச் சேவையான கிளவுட்ட்ரெயிலில் தானாகவே பதிவாகும். கூகுளில் அவை தரவு அணுகல் பதிவு வகையில் வருகின்றன. அந்த வகை இயல்பாக அணைந்திருக்கும், நாம்தான் இயக்க வேண்டும். 'எந்தச் சாவியை யார் பயன்படுத்தினார்கள்' என்ற கேள்வி எழும் நாளில் இதைக் கண்டுபிடித்துப் பயனில்லை. பதிவில் அழைத்த லைப்ரரியின் பெயரும் பதிப்பும் இருக்கும் என்பது ஒரு நல்ல துப்பு. பைத்தான் மட்டுமே ஓடும் சேவையின் அடையாளத்தில் திடீரென்று கட்டளைவரிக் கருவியின் பெயர் தெரிந்தால் யாரோ சாவியைக் கையில் எடுத்திருக்கிறார்கள். எளிதில் பொய்யாக்கக்கூடிய தகவல்தான், ஆனாலும் எல்லோரும் மெனக்கெட்டுப் பொய்யாக்குவதில்லை.

சோதனைகளில் பெரும்பாலும் சேவைக்குப் பதிலாக மோட்டோ போன்ற போலிச் சேவையை வைக்கிறோம். அளவுரு சரியா, பதிலைச் சரியாகப் பிரிக்கிறோமா என்று பார்க்க அது போதும். ஆனால் மோட்டோ இயல்பாக அனுமதிகளைச் சோதிப்பதில்லை. அதனால் உண்மையான அக்கவுண்ட் ஒன்றில், வேண்டுமென்றே அனுமதியைப் பறித்தும், முகவரியை எட்டாதபடி அடைத்தும் ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன திறந்த கதவு அப்போதுதான் கண்ணில் படும்.

சாவியை அழிக்கும் அழைப்பையும் அந்தச் சோதனையிலேயே சேர்த்துக்கொள்ளலாம். ஏடபிள்யூஎஸ்-இல் சாவி உடனே அழியாது. 7 முதல் 30 நாள் வரை காத்திருப்பு, குறிப்பிடாவிட்டால் 30. அந்த நாட்களில் அந்தச் சாவியால் எதையும் திறக்க முடியாது, எனவே யாராவது அதை இன்னும் நம்பியிருந்தால் எர்ரராக வெளிவரும். முதலில் சாவியை முடக்கிவைத்துச் சில வாரம் பார்த்துவிட்டு, பிறகு அழிக்கச் சொல்வது நிதானமான வழி. அவசரத்தில் அழிப்பை ரத்து செய்ய வேண்டி வந்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: ரத்து அழைப்பு வெற்றி என்று பதில் வந்தாலும் சாவி முடங்கிய நிலையில்தான் திரும்பி வரும். அதை இயக்க இன்னொரு அழைப்பு வேண்டும். கூகுள் கேஎம்எஸ்-இல் மீட்டெடுத்த சாவிப் பதிப்பும் அப்படியே. அந்த இரண்டாவது அழைப்புக்கான அனுமதி யாரிடம் இருக்கிறது என்பதை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.